குளிர்காலத்தில் சுருட்டை முடி ஏன் முறிகிறது?

ஜனவரியில் டொரொண்டோவில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். வீட்டு ஹீட்டர் 21இல் நிற்கும். போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்கி, காய்ந்த தலையில் அள்ளிப் பூசுவதுதான் பல வருடங்களாக என் வழக்கம். அம்மம்மாவிடமிருந்து வந்த சுருட்டை முடி எனக்கு. எண்ணெய் வைத்தால் மினுங்கும். ஆனால் சீப்பு பட்டதும் முனைகள் முறிந்து தோளில் கொட்டும்.

வேலையிடத்தில் கானாவைச் சேர்ந்த ஒரு தோழி இருக்கிறார். ரசாயனம் போட்டு முடியை நேராக்குவதை விட்டு, நெருங்கிச் சுருண்ட தன் இயற்கை முடியையே வளர்ப்பவர். ஒருநாள் என் முடியை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் நிறைய இருக்கிறது, தண்ணீர் எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

முடி உயிரில்லாத கெரட்டின் புரதம். அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதைச் சுற்றியுள்ள காற்றுதான் தீர்மானிக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் முடியின் எடையில் 13 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கினால் அது ஏறத்தாழ 6 சதவீதம். பாதிக்கும் குறைவு! ஈரம் ஏறினால் முடி நீளும், இறங்கினால் சுருங்கும். முழுக்கக் காய்ந்த முடிக்கும் முழுக்க ஈரமான முடிக்கும் நீளத்தில் சுமார் 2 சதவீத வித்தியாசம் உண்டு. ஜெனீவாவில் ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர் 1783இல் விவரித்த ஈரமானி இந்தக் குணத்தை வைத்தே வேலை செய்தது. முள்ளை நகர்த்தியது மனிதத் தலைமுடி.

சரி, வெளியே பனி கொட்டுகிறதே, காற்றில் ஈரம் இல்லையா? குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு இரண்டு கிராம் சொச்சம்தான் கொள்ளும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடாகும்போது 19 கிராம் வரை கொள்ளும் அளவுக்குத் தாகம் எடுக்கிறது. உள்ளே இருப்பதோ அதே இரண்டு கிராம். கணக்குப் பார்த்தால் ஈரப்பதம் 10, 12 சதவீதம். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏற்றும். ஆக, முடியைக் காய வைப்பது வெளியே உள்ள பனி அல்ல, உள்ளே ஓடும் ஹீட்டர்.

நேரான முடிக்கும் இதே காற்றுதான். ஆனால் அதற்கு ஒரு வசதி உண்டு. தலைத்தோலில் ஊறும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருளுக்குச் சுருள் வளைந்து வளைந்து இறங்குவது அத்தனை சுலபமல்ல. அதனால் ஆப்பிரிக்கச் சுருள் முடியில் வேர் பிசுபிசுத்தாலும் நுனி வறண்டு கிடக்கும். அந்த முடியைக் குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். சீப்பை இழுக்கும்போது விசை முழுவதும் வளைவுகளில் போய்க் குவியும். தண்ணீர் குறைந்த கெரட்டின் வளைந்து கொடுக்காது. ஆகவே வளைவில் முறியும். என் தோளில் கொட்டியவை இப்படி முறிந்த துண்டுகள்தான், வேரோடு உதிர்ந்தவை அல்ல.

இனி எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய் ஈரம் அல்ல, ஈரத்துக்கு மூடி. அதுவும் இறுக்கமான மூடி அல்ல. எண்ணெய் பூசிய முடியும் கடைசியில் அறைக் காற்றின் அளவுக்குத்தான் வந்து சேரும். கொஞ்சம் தாமதமாக வந்து சேரும், அவ்வளவே. இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்க வைப்பது எண்ணெயின் இன்னொரு வேலை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை.

தேங்காய் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. அதில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட நேரான, குட்டையான சங்கிலி. முடியின் ஓடு போன்ற செதில்களைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். மும்பையில் ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடும்படி குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே போன எண்ணெய், கழுவும்போது முடி தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ஊதுவதைத் தடுக்கிறது. அப்படியானால் அது தலை முழுகுவதற்கு முன்பு வைக்க வேண்டிய எண்ணெய். முழுகி இரண்டு நாள் கழித்துக் காய்ந்த முடியில் பூசிய நான் நேரம் மாறிச் செய்துகொண்டிருந்தேன்.

தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் செய்து காட்டினார். தலையை எட்டுப் பங்காகப் பிரித்து கிளிப் போட்டார். ஒரு பங்கை மட்டும் அவிழ்த்து, நனையும்வரை தண்ணீர் தெளித்தார். கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கி விரலாலேயே சிக்கெடுத்தார். சேதமான இடங்களில் முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம். கண்டிஷனரின் நேர்மின்னூட்ட மூலக்கூறுகள் சரியாக அந்த இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அலசிய பிறகு, ஈரம் போவதற்குள் ஷியா வெண்ணெயை, அதாவது ஆப்பிரிக்க மரமொன்றின் கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பை, உள்ளங்கையில் தேய்த்து இளக்கிப் பூசினார். ஷியா பெரும்பாலும் வெளியிலேயே படலமாக நிற்கும். பிறகு அந்தப் பங்கை இரண்டு புரியாக முறுக்கிவிட்டு, அடுத்த பங்குக்குப் போனார். முறுக்கிய முடிக்குக் காற்றில் படும் பரப்பு குறைவு, சீப்பும் வேண்டாம். "இறுக்கிப் பின்னாதே, நெற்றியோர முடி போய்விடும்" என்று இரண்டு தடவை சொன்னார். அது உண்மை. தொடர்ந்து இழுபட்டால் மயிர்க்கால்களே பாழாகும்.

அவருடைய கம்பளித் தொப்பிக்குள் வழுவழுப்பான சாட்டின் துணி தைத்திருந்தது. கம்பளி உரசினால் முடியில் மின்னூட்டம் ஏறும். ஈரமில்லாத முடியில் அது வடிய வழியில்லை. தொப்பியைக் கழற்றியதும் முடி பறப்பது அதனால்தான். இரவில் சாட்டின் தொப்பி போட்டுத் தூங்குவதும் தலையணை உரசாமல் இருக்கத்தான்.

இந்த வருடம் நான் முதலில் வாங்கியது எண்ணெய் அல்ல, இருபது டாலருக்குள் ஒரு ஈரமானி. படுக்கையறையில் 19 சதவீதம் காட்டியது. ஈரப்பதமூட்டியை ஓட விட்டதும் மறுநாள் காலை 36. அதற்கு மேல் ஏற்றினால் கடுங்குளிரில் ஜன்னல் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அங்கேயே நிறுத்திக்கொண்டேன். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இப்போது குளியலறையில், சனிக்கிழமை இரவுக்காகக் காத்திருக்கிறது.