கன்டாமினேஷன்: மாசா, தொற்றா?

'அறுவை சிகிச்சைக் கூடத்தில் தொற்று' என்று தலைப்பு போடுகிறார்கள். பதறிப்போய் உள்ளே படித்தால், மேசையிலும் விளக்கின் கைப்பிடியிலும் தடவி எடுத்த ஸ்வாபில், அதாவது பஞ்சுக் குச்சியில், பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நோயாளி யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடிக்கு எப்படி ஐயா தொற்று வரும்? அதற்கென்ன காய்ச்சலா அடித்தது?

ஆங்கில மூலத்தில் இருந்தது ஆபரேஷன் தியேட்டரின் 'மைக்ரோபியல் கன்டாமினேஷன் மானிட்டரிங்'. அதைத் தமிழாக்குவதில் சிக்கல் கன்டாமினேஷன் என்ற சொல்லில்தான். லத்தீன் வழி வந்தது, அடியில் இருப்பது 'தொடுதல்' என்ற வேர். இருக்கக் கூடாத இடத்தில் இருக்கக் கூடாத ஒன்று வந்து சேர்வதுதான் பொருள். மருத்துவமனையில் அந்த ஒன்று நுண்ணுயிர்.

இதற்குத் 'தொற்று' என்று எழுதுகிறவர்கள் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். ஓடும் பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டு போவதில்லையா, அதுபோல் கிருமியும் மேசையில் தொற்றிக்கொள்கிறது. லத்தீன் வேரும் தொடுதல்தானே என்கிறார்கள். வேரை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் வேரைப் பிடித்துப் போவதென்றால் முழுக்கப் போக வேண்டும். இன்ஃபெக்‌ஷன் என்ற சொல்லின் லத்தீன் வேர் சாயத்தில் தோய்ப்பது, கறைப்படுத்துவது. அப்படியானால் நோயாளியின் புண்ணில் சீழ் பிடிப்பதைக் 'கறை' என்று எழுதுவார்களா? மாட்டார்கள். கொரோனாக் காலத்துக்குப் பிறகு தொற்று என்றால் உடம்புக்குள் கிருமி புகுந்து பெருகுவது என்று ஊருக்கே பாடமாகிவிட்டது. சொல்லுக்கு இடம் ஒதுக்கியாயிற்று. இனி வேரைத் தோண்டிக் காட்டிப் பயனில்லை.

எண்களுக்குள் போனால்தான் கூத்து. அறுவைக் கூடத்தின் காற்றைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கிருமி வளர்க்கும் கூழான அகார் ஊற்றிய தட்டை ஒரு மணி நேரம் திறந்து வைப்பார்கள். உள்ளே நடமாடுகிறவர்களின் தோலிலிருந்து உதிரும் செதில்கள் கிருமிகளைச் சுமந்துகொண்டு அதில் வந்து விழும். காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவி வைத்தும் எண்ணுவார்கள். பிரிட்டன் வழிகாட்டுதலில், சாதாரண அறுவைக் கூடத்தில் வேலை நடக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றில் கிருமி எண்ணிக்கை சராசரியாக 180 வரை இருக்க அனுமதி உண்டு. இதையும் அந்தக் கணக்கில் மொழிபெயர்த்தால் '180 தொற்றுகள் வரை பரவாயில்லை' என்றாகும்!

1982-இல் பிரிட்டன் ஆய்வாளர் லிட்வெல் குழுவினர் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிய சுமார் 8,000 அறுவைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாதாரணக் கூடத்தில் 1.5 சதவீதமாக இருந்த ஆழமான சீழ்ப்பிடிப்பு, மிகத் தூய காற்று பாயும் கூடத்தில் 0.6 சதவீதம். காற்றில் மிதப்பது வேறு, மூட்டுக்குள் பிடிப்பது வேறு. முதலாவது குறைந்தால் இரண்டாவதும் குறைகிறதா என்பதுதான் அங்கே கேள்வியே. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் 'தொற்று குறைந்தால் தொற்று குறையும்' என்றுதான் வரும். இதற்கு எதற்கு ஆய்வு?

என் ஓட்டு மாசுக்குத்தான். 'மாசறக் கழீஇய யானை' என்கிறது குறுந்தொகை. வெளியிலிருந்து வந்து ஒட்டியது, கழுவினால் போவது: கன்டாமினேஷனுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? மாசு என்றால் புகையும் ஆலைக்கழிவும்தான் நினைவுக்கு வருகின்றன என்பார்கள். சரி, முன்னால் 'நுண்ணுயிர்' சேர்த்துக்கொண்டால் அந்தக் குழப்பம் தீர்ந்தது. 'கிருமி மாசு' என்றாலும் நோயாளிக்குப் புரியும். வடசொல் என்று முகம் சுளிக்க நான் தயாரில்லை. ஆனால் அறிக்கையில் நுண்ணுயிர்தான் வசதி, பூஞ்சை வித்துகளும் அதில் தயக்கமில்லாமல் அடங்கும். சில அகராதிகள் தரும் 'கலப்படம்' வேண்டவே வேண்டாம். அது பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனின் வேலை. அதில் திருட்டு எண்ணம் இருக்கிறது.

ஆக, நுண்ணுயிர் மாசுக் கண்காணிப்பு. கண்காணிப்பில் யாருக்கும் சண்டையில்லை, தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அந்தக் குடும்பம்தான். இடத்துக்கு 'அறுவை அரங்கம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்த காலத்தில் தியேட்டர் என்ற பெயர் அங்கே பொருந்தியது. இன்றைய தமிழில் அறுவை அரங்கம் என்றால் மோசமான பட்டிமன்றம் போலக் கேட்கிறது. கூடம் போதும்.

இன்னொன்று. தட்டில் வளரும் புள்ளிகளை எண்ணும் 'காலனி ஃபார்மிங் யூனிட்' என்பதைக் 'குடியேற்றம் உருவாக்கும் அலகு' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆய்வகத்தில் எல்லோரும் காலனி என்றுதான் எண்ணுகிறார்கள். காலனி என்றே விட்டுவிடுங்கள்.