ஒரு மீட்டு, இரண்டு சத்தம்

ராக்கபில்லி (கன்ட்ரி இசையும் ப்ளூஸும் கலந்த ஆரம்பகால ராக் அண்ட் ரோல்) ஆல்பம் ஒன்றைக் கேட்ட வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: “கிதாரை ஒரு தடவை மீட்டினால் இரண்டு தடவை கேட்கிறதே, இரண்டு பேர் வாசிக்கிறார்களா?”

ஒருவர்தான். அந்த இரண்டாவது சத்தத்தின் பெயர் ஸ்லாப்பேக் எக்கோ.

எதிரொலி பற்றிப் பள்ளியிலேயே படித்திருப்போம். திரும்பி வரும் ஒலி மிகச் சீக்கிரம் வந்துவிட்டால் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்காது. ராக்கபில்லியில் தாமதம் ஏறக்குறைய 0.13 நொடி, அதனால் நன்றாகவே பிரிந்து கேட்கும். சுவரில் மோதி அப்படித் திரும்ப வேண்டுமானால் சுவர் 22 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மெம்பிஸ் நகரில், 706 யூனியன் அவென்யூவில் இசைத் தயாரிப்பாளர் சாம் பிலிப்ஸ் வைத்திருந்த ஸ்டூடியோவோ அவ்வளவு தூரம் அடங்காத சின்ன அறை.

அவர் தூரத்தை டேப்பில் கண்டுபிடித்தார். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் டேப் ரெக்கார்டரில் டேப் ஓடும் வழியில் மூன்று ஹெட்கள் (டேப்பைத் தொட்டு வேலை செய்யும் காந்த முனைகள்) வரிசையாக இருக்கும். முதலாவது பழையதை அழிக்கும், இரண்டாவது பதியும், மூன்றாவது பதிந்ததை உடனே படித்துக் காட்டும். மூன்றாவதை வைத்தது பதிவு சரியாக விழுகிறதா என்று சோதிக்கத்தான். பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே சுமார் 5 சென்டிமீட்டர். டேப் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஐந்தை முப்பத்தெட்டால் வகுத்துப் பாருங்கள்: 0.13 நொடி! பிலிப்ஸ் இரண்டாவது ரெக்கார்டர் ஒன்றை இதற்கென்றே ஓடவிட்டு, அதன் மூன்றாவது ஹெட்டில் வரும் சத்தத்தை அசல் சத்தத்தோடு கலந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 1954 ஜூலையில் அங்கே எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது டிரம்ஸே கிடையாது. அவர் கையில் ஒரு கிதார், ஸ்காட்டி மூர் எலெக்ட்ரிக் கிதார், பில் பிளாக் டபுள் பேஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்), அவ்வளவுதான். நிமிடத்துக்கு 220 தாள அடிகள் விழும் வேகமான பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.27 நொடி. அதில் பாதி 0.13 சொச்சம். அதாவது எதிரொலி இரண்டு அடிக்கும் சரிநடுவில் போய் விழுகிறது! இல்லாத டிரம்மர் வாசிக்க வேண்டியதை டேப் வாசித்துவிடுகிறது. கூடவே பிளாக் தந்தியை இழுத்துப் பலகையில் அறையும் சத்தம். மூன்று பேர் ஐந்து பேர் போலக் கேட்பதில் ஆச்சரியமில்லை. டேப்பில் ஒரு சுற்று போய் வரும்போது உச்ச ஸ்தாயி ஒலிகள் கொஞ்சம் மழுங்கிவிடும். அதனால் எதிரொலி அசலோடு மல்லுக்கு நிற்காமல் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது.

1955இல் மூர், உள்ளேயே டேப் எக்கோ வைத்து ரே பட்ஸ் கட்டிய ஆம்ப்ளிஃபயரை வாங்கினார். அப்புறம் இதே சத்தம் மேடைக்கும் வந்தது.

பழைய மெஷினில்தான் ‘ஆன்மா’ இருக்கிறது என்று கொள்ளை விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, அது வெறும் மூடநம்பிக்கை. போற்றவேண்டியது அந்தப் பொறியியலை. பாடகர் பிங் கிராஸ்பி தன் பணத்தில் 50,000 டாலர் போட்டதால்தான் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் தயாரிப்பில் காலூன்றியது. கலைஞர்கள் ஆராய்ச்சிக்குப் பணம் போடுவது இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சாதாரண டிலே பெடல் (கிதார் ஒலியைத் தாமதித்துத் திரும்பத் தரும் சின்னப் பெட்டி) போதும். தாமதம் 130 மில்லிநொடி, எதிரொலி ஒரே ஒரு தடவை, டோனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.