வயசான பொட்டைப் பூனை பின்பக்கத்தையே நக்கிட்டு இருந்தா கொஞ்சம் கவனிங்க

நம்ம ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் பூனை இல்லாத தெருவே கிடையாது, மீனுக்கு வந்து அப்படியே வீட்டோட ஒட்டிக்கிட்டதுங்கதான் நிறைய. அதுல பொட்டைப் பூனைக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணாமலே வருஷக்கணக்கா விட்டுடுறாங்க, வயசான பிறகு அதுதான் கருப்பைல வந்து நிக்குது.

காசிமேட்டுல இருந்து ஒரு அக்கா 9 வயசுப் பூனையைக் கூடைல வச்சு தூக்கிட்டு வந்தாங்க. "டாக்டர், இந்த வயசுல மாசமா இருக்கு போல, வயிறு பெருசாயிட்டே போகுது, ஆனா சங்கரா வச்சாக்கூட மோந்து பாத்துட்டு போயிடுது"ன்னாங்க. வாலைத் தூக்கிப் பார்த்தேன், அடில முடியெல்லாம் ஈரமா ஒட்டிக்கிடந்தது, பஞ்சால ஒத்தி எடுத்தா பழுப்பு கலர்ல சீழ், கெட்ட நாத்தம். ஸ்கேன்ல குட்டியே இல்ல, கருப்பை முழுக்க சீழ்தான். இதைத்தான் பயோமெட்ரான்னு சொல்றோம்.

பூனை ஹீட்டுக்கு, அதாவது கடுவனைத் தேடுற பருவத்துக்கு, வந்து போன சில வாரத்துல இது வரும். அந்த நேரத்து ஹார்மோன் கருப்பை உள்சுவரைத் தடிக்க வைக்குது, கிருமி உள்ள போனா நல்லா வளருது, பெரும்பாலும் ஈ.கோலை. அதனால நான் முதல்ல கேக்குறதே "போன மாசம் ராத்திரியெல்லாம் கத்திட்டு தரைல உருண்டுச்சா?"ன்னுதான். வெளியவே விடாத, கடுவனோட சேராத பூனைக்கும் வருது. பூனை சுத்தமான ஜீவன் வேற, வர்ற சீழையெல்லாம் உடனே நக்கிடும், வீட்ல யார் கண்ணுக்கும் படாது. கருப்பை வாய் மூடிக்கிட்டா ஒரு சொட்டுகூட வெளிய வராது, அதுதான் இன்னும் ஆபத்து, உள்ளயே கிழிஞ்சிடலாம். ட்ரிப்ஸ் ஏத்தி, ஆன்டிபயாடிக் போட்டு, கருப்பையும் ஓவரியும் எடுக்குறதுதான் சரியான வைத்தியம். வயசாயிடுச்சேன்னு ஆபரேஷனுக்கு பயந்து நாளைத் தள்ளாதீங்க ப்ளீஸ், தள்ளத் தள்ளத்தான் உயிருக்கு ஆபத்து.

ஹீட் நிக்க ஊசி, மாத்திரை கேட்டு வர்றவங்களுக்கு நான் குடுக்கறதே இல்ல, அது பயோமெட்ராவையும் பால்மடில கட்டியையும் சேர்த்து இழுத்துட்டு வரும். பூனைக்கு பால்மடில வர்ற கட்டி பத்துல எட்டுக்கு மேல புற்றுநோய்தான், அதனால மடில வச்சு கொஞ்சும்போது ஒவ்வொரு காம்பு பக்கத்துலயும் விரலால தடவிப் பாருங்க, பச்சைப்பயறு அளவு தட்டுப்பட்டாலும் காட்டிடுங்க. 1 வயசுக்குள்ள கருத்தடை பண்ணிட்டா இந்த பயம் ரொம்பவே குறையும்.

மூத்திரப் பிரச்சனை தனி. மண் தட்டை விட்டுட்டு பாத்ரூம் ஓரத்துல, துணி மேல சொட்டுச் சொட்டா போகுது, முக்குது, ரத்தம் கலந்து வருதுன்னா மூத்திரப்பை புண்ணா இருக்கலாம், சேட்டைன்னு நினைச்சு அடிக்காதீங்க. மாறா தண்ணி நிறைய குடிச்சு தட்டுல மண்ணு மூத்திரத்துல நனைஞ்சு பெரிய பெரிய கட்டியா கிடந்துச்சுன்னா கிட்னி, சுகர், தைராய்டு மூணையும் பாக்கணும், 10 வயசுக்கு மேல இது சகஜம். கடுவன் அளவுக்கு பொட்டைக்கு அடைப்பு வராது, ஆனாலும் ஒரு நாள் முழுக்க மூத்திரமே போகலைன்னா காத்திருக்காம அன்னைக்கே தூக்கிட்டு வாங்க, செலவுக்கு யோசிக்கறவங்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலிக்குதேன்னு வீட்ல இருக்குற பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம். வரும்போது அது முக்கறதை போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க, கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்துச்சுன்னும் யோசிச்சு வச்சிக்கோங்க, எங்களுக்குப் பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.