கெர்னலைப் புதுப்பித்தால் வைஃபை ஏன் போக வேண்டும்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்த மறுநாள், நான் பராமரிக்கும் லேப்டாப்களில் ஒரே ஒரு மாடலில் மட்டும் வைஃபை வரவில்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) பதிவைப் பார்த்தேன். வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று இருந்தது. சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் கேட்ட பெயரில் கோப்பே இல்லை என்று அதற்குப் பொருள். முந்தைய நாள் வரை வேலை செய்த பழைய கோப்பு அதே ஃபோல்டரில்தான் இருந்தது. புது டிரைவர் அதைத் தேடவே இல்லை. சரி, புதுக் கோப்பை இறக்கலாம் என்றால் அதற்கு இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். கடைசியில் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத்தான் அன்றைய வேலையைத் தொடங்கினோம்.

வைஃபை சிப்புக்குள்ளும் ஒரு சிறு பிராசஸர் இருக்கிறது. அதில் ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர். பல சிப்புகளில் அதை நிரந்தரமாகச் சேமித்து வைக்க இடம் கிடையாது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் டிரைவர்தான் வட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. டிரைவர் கெர்னலோடு வருகிறது. ஃபர்ம்வேர் தனித் தொகுப்பாக வருகிறது. இரண்டும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இதற்கான விதிகள் லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. 2022-இல் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் ஒன்று 70-ஆம் ஃபர்ம்வேர் பதிப்பை மட்டுமே ஏற்பதாக மாறியது. எதிர்ப்பு எழுந்ததும் 69-ஆம் பதிப்பையும் ஏற்கும்படி திருத்தினார்கள். அதையொட்டி, கெர்னலின் கிராபிக்ஸ் பகுதிப் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி எழுதியவைதான் இந்த விதிகள். கெர்னலைப் புதுப்பிப்பவர், ஓடிக்கொண்டிருக்கும் வன்பொருளுக்காகப் புது ஃபர்ம்வேரைத் தேடி அலையக் கூடாது. புது ஃபர்ம்வேரும் பழைய கெர்னலில் இருப்பவருக்கு எதையும் கெடுக்கக் கூடாது. கோப்பின் பெயரில் பெரும்பதிப்பு எண் மட்டும் இருந்தால் போதும். சிறு திருத்தங்களின் எண் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும். பெரும்பதிப்பு எண் மாறாத வரை, அதைக் கேட்கும் எல்லா கெர்னல்களிலும் அந்தக் கோப்பு ஓடியாக வேண்டும்.

வன்பொருள் நிறுவனங்களில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தாலே எங்களைப் போன்றவர்களின் வேலை பாதியாகக் குறையும். பத்து நிமிடம்கூட ஆகாது.

ஒரு சிறு விஷயம். -2 என்று பார்த்ததுமே பயப்பட வேண்டாம். இன்டெல் வைஃபை டிரைவர் தனக்குத் தெரிந்த உயர்ந்த எண்ணிலிருந்து கீழே இறங்கி ஒவ்வொரு கோப்பாகத் தேடும். மேலே உள்ளவை இல்லாதபோதும் அதே செய்தி வரும். கீழே ஏதோ ஒரு எண் ஏறியிருந்தால் பிரச்சினை இல்லை. எனவே சிவப்பு வரியோடு நிறுத்தாமல் அடுத்த வரிகளையும் படியுங்கள்.

பெயரைப் போலவே உரிமமும் முக்கியம். ஃபர்ம்வேர் கோப்புகளைத் திரட்டித் தரும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பில் சேர, கோப்பை மற்றவர்கள் விநியோகிக்க நிறுவனம் அனுமதி தர வேண்டும். மூலநிரலை யாரும் கேட்பதில்லை, அனுமதியைத்தான் கேட்கிறார்கள். அது இல்லாததால் சில பிராட்காம் வைஃபை சிப்புகளுக்கு இன்றும் நிறுவனத்தின் டிரைவர் கோப்பை இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. லினக்ஸ் விநியோகமான டெபியன் பல ஆண்டுகள் யோசித்து, 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து கட்டற்றதல்லாத (திறந்த மூல உரிமம் இல்லாத) ஃபர்ம்வேரையும் நிறுவல் வட்டிலேயே வைக்கிறது. கொள்கையளவில் எனக்கு இது முழு நிறைவல்ல. ஆனால் நிறுவும்போதே நெட்வொர்க் இல்லாமல் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவு சரிதான்.

இப்போது புது மாடலை ஏற்கும் முன் இரண்டு சோதனை செய்கிறேன். பழைய நீண்டகால ஆதரவு கெர்னலோடு புது ஃபர்ம்வேர் தொகுப்பு. அப்புறம் புது கெர்னலோடு பழைய தொகுப்பு. ஒவ்வொன்றிலும் வைஃபை, புளூடூத், திரை, தூங்கவைத்து எழுப்புதல் எல்லாம் பார்ப்பேன். எந்தக் கணினியிலும் முந்தைய கெர்னலை அழிப்பதில்லை.

அந்த லேப்டாப் பற்றி, டிமெஸ்ஜி பதிவோடு டிரைவர் பராமரிப்பாளருக்கு எழுதினோம். அடுத்து வந்த திருத்தத்தில், புது எண் கிடைக்காவிட்டால் பழைய எண்ணைத் தேடும்படி மாற்றியிருந்தார்.