ஆக்ஸிலேட்டரை விட்டால் என்ன ஆகும்?

சேலம் கோரிமேட்டில், ஏற்காடு போகிற ரோட்டோரம் என் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷட்டரை இறக்கலாம் என்று எழும்போதுதான் மலையிலிருந்து இறங்கிய வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். பாதிக்கு மேல் ஸ்கூட்டர்கள். புகாரும் ஒன்றேதான்: "அண்ணா, பிரேக்கே பிடிக்க மாட்டேங்குது."

போன மே மாதம் அப்படி வந்தது ஒரு 110 சிசி ஸ்கூட்டர். கணவன், மனைவி, நடுவில் ஆறு வயசுப் பையன், காலடியில் ஒரு பலாப்பழம். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கை வைத்தாலே அனல் அடித்தது. கருகிய நாற்றம். "தண்ணி ஊத்தட்டுமாண்ணா?" என்று பாட்டிலைத் திறந்தார் அவர். வேண்டாம் என்று பிடுங்கி வைத்தேன். கொதிக்கிற பிரேக் டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். முக்கால் மணி நேரம் ஆறவிட்டுக் கழற்றினேன். டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்தது; நகத்தால் கீறினால் வழுக்குகிறது. கடைசி நாலு வளைவைக் காலைத் தேய்த்துத்தான் கடந்தாராம். செருப்பைத் திருப்பிக் காட்டினார், குதிகாலில் ரப்பரே இல்லை.

"எட்டு மாச வண்டிதாண்ணா. ஏதாவது கோளாறா?"

கோளாறு எதுவும் இல்லை. எந்தக் கம்பெனி ஸ்கூட்டரையும் அப்படி இறக்கினால் அப்படித்தான் ஆகும்.

வண்டி வாங்க வருகிறவர்கள் என்னிடம் மைலேஜ் கேட்பார்கள், பிக்கப் கேட்பார்கள். இன்றைக்குப் பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் பிக்கப்பில் பெரிய வித்தியாசம் சொல்வதற்கில்லை. ஸ்ப்ளெண்டர் 97 சிசி, ஆக்டிவா 110 சிசி. இரண்டும் 8 குதிரைத்திறனுக்குப் பக்கம், எடையும் நூற்றுப் பத்து கிலோவை ஒட்டித்தான். மைலேஜில் பைக்குக்குக் கை ஓங்கும், அவ்வளவுதான். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி என்ன செய்யும்?

பைக்கில் இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் பல்சக்கரமும் செயினும். இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். ஸ்கூட்டரில் அந்த இடத்தில் இருப்பது ரப்பர் பெல்ட். முன்னால் வேகத்துக்கு ஏற்பக் கியர் விகிதத்தைத் தானே மாற்றுகிற வேரியேட்டர், உள்ளே உருளும் ரோலர்கள், பின்னால் கிளட்ச். இன்ஜின் வேகமெடுத்தால் கிளட்ச் ஷூ தானாக விரிந்து பிடிக்கும், வேகம் குறைந்தால் தானாக விட்டுவிடும். டவுனில் இது வரப்பிரசாதம். ஐந்து ரோடு சிக்னலில் இடது கை வலிக்காமல் நிற்கலாம். ஆனால் மலை இறக்கத்தில் கியரைக் குறைக்க வழியே இல்லை. இன்ஜினின் பிடி லேசாகத்தான் இருக்கும். வளைவில் நன்றாக மெதுவாக்கினால் கிளட்ச் விட்டுவிடும், அதுவும் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் முந்நூறுக்கும் கீழே. வண்டியும் ஆட்களும் சேர்ந்து கால் டன். இந்தக் கால் டன் ஆயிரத்து இருநூறு மீட்டர் இறங்குகிற சூட்டில் பெரும்பங்கு, நம் உள்ளங்கை அகலமே உள்ள இரண்டு டிரம்மில் இறங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பலாப்பழக்காரர் மேலிருந்து கீழ்வரை லீவரை விடாமல் லேசாகப் பிடித்தபடியே வந்திருக்கிறார். அது பிரேக்குக்கு ஆறவே நேரம் கொடுக்காது. நேர்பாதையில் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டு, திரும்பப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு டீக்கு நிறுத்துங்கள், வண்டிக்காக.

2019 ஏப்ரலில் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு சிபிஎஸ் என்கிற கூட்டு பிரேக் கட்டாயம் ஆனது. ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை நம்பி வலது லீவரைத் தொடாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேபிள் துருப்பிடித்து இறுகிக் கிடப்பதைச் சர்வீஸில்தான் பார்க்கிறோம். மலைக்குப் போகிறவர்கள் முன்னால் டிஸ்க் உள்ள மாடலாக எடுங்கள். டிஸ்க் வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும்.

பைக்காரர்களும் ஒழுங்கில்லை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிறார்கள். பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள், ஏறின கியரிலேயே இறங்கு என்று. 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்து, கார்புரேட்டர் போய் எஃப்ஐ (பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற முறை) ஆன வண்டிகளில், கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால் பெட்ரோல் தானாகவே நிற்கும். அணைத்து என்ன மிச்சம்?

அடுத்தது சக்கரம். ஸ்ப்ளெண்டருக்கு முன்னும் பின்னும் 18 அங்குலம். ஆக்டிவாவுக்கு முன்னால் 12, பின்னால் 10. ஜூபிட்டருக்கு இரண்டும் 12. பெரிய சக்கரம் ஏறிக் கடக்கிற குழியில் சின்னச் சக்கரம் விழுந்து எழும். மழைக்காலத்தில் ரிம் நெளிந்து வருவதில் ஸ்கூட்டர்தான் அதிகம். தினமும் மண் ரோட்டில் பால் கேன் கட்டுகிறவருக்கு நான் ஸ்கூட்டர் சொல்வதில்லை. அதே நேரம், புடவை கட்டி ஓட்டுகிறவர்களுக்கும் டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கும் பைக்கைச் சிபாரிசு செய்வது வீம்பு.

ஆயிலில் ஒரு வில்லங்கம். வீட்டில் இரண்டு வண்டியும் இருந்தால் ஒரே டப்பாவை இரண்டுக்கும் ஊற்றுகிறார்கள். பைக்கின் கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக் கிடப்பது. அதற்கு ஜாஸோ (JASO) என்கிற ஜப்பானியத் தரத்தில் எம்ஏ (MA) ரகம் வேண்டும். ஸ்கூட்டர் ஆயில் எம்பி (MB) ரகம், வழுக்கல் அதிகம். அதைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் நழுவும், வண்டி உறுமும், நகராது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள். ஸ்கூட்டரில் பின் சக்கரத்துப் பக்கம் தனியாகக் கொஞ்சம் கியர் ஆயிலும் உண்டு. நாலு வருஷமாக மாற்றாத வண்டிகள் எனக்குத் தெரியும்.

பைக் செயின் தளர்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். பெல்ட் சொல்லாது. ஒருநாள் அறுந்து, இன்ஜின் ஓட வண்டி நிற்கும். இருபதாயிரம் கிலோமீட்டர் நெருங்கினால் கவரைக் கழற்றி வெடிப்பு பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் குடும்பம் இப்போதும் என்னிடம்தான் சர்வீஸ் விடுகிறது. ஷூ மாற்றிக் கொடுத்ததில் இருந்து பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஏற்காட்டுக்கு மட்டும் பஸ்ஸில் போகிறார்கள். பலாப்பழத்துக்கும் சேர்த்து லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம் கண்டக்டர்.