நீராவிக் கப்பலின் கறுப்பு வளையம்: ‘சேலம்’ போர்க்கப்பல் தபால் உறைகளைப் படிப்பதும் காப்பதும்

சேலத்தில் தபால்தலை சேர்ப்பவர்கள் கடற்படைத் தபாலுக்குள் நுழைய ஒரு நல்ல வாசல் இருக்கிறது: அமெரிக்கக் கடற்படையின் ‘யு.எஸ்.எஸ். சேலம்’. பெயர் நம் ஊரிலிருந்து போனதல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தின் பெயர் அது. ஆனாலும் முத்திரை வளையத்துக்குள் நம் ஊர்ப் பெயரின் எழுத்துகளைப் பார்க்கும் மகிழ்ச்சி குறைவதில்லை.

அந்தப் பெயரில் மூன்று கப்பல்கள் ஓடின. முதலாவது 1908 ஆகஸ்ட் 1 அன்று பணியில் சேர்ந்த வேவுக் கப்பல். 1921இல் ஓய்வு பெற்றது. இரண்டாவது 1942இல் வந்த, கடலில் கண்ணிவெடி இடும் கப்பல். 1945இல் அதற்கு ‘ஷாமட்’ என்று பெயர் மாற்றினார்கள். மூன்றாவது சிஏ-139 என்ற கனரகப் போர்க்கப்பல். அது 1949 மே 14 அன்று சேவையில் சேர்ந்து 1959 ஜனவரி 30 அன்று விலகியது. இப்போது குவின்சி நகரில் அருங்காட்சியகம். இந்தத் தேதிகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். 1960ஆம் ஆண்டு தேதியோடு ‘கப்பலிலேயே முத்திரை குத்தியது’ என்று விற்பனைக்கு வரும் தபால் உறையை அந்த இடத்திலேயே கீழே வைத்துவிடலாம்.

அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்குள் அஞ்சலகம் வைக்க அனுமதி கிடைத்தது 1908இல். கப்பலில் உள்ள எழுத்தர் கையால் குத்தும் முத்திரையில் வட்டத்துக்குள் கப்பல் பெயரும் தேதியும், பக்கத்தில் தபால்தலையை ரத்து செய்யும் கோடுகளும் இருக்கும். சில முத்திரைகளில் அந்தக் கோடுகளுக்கு இடையே துறைமுகத்தின் பெயரையும் சேர்த்திருப்பார்கள். இரண்டாம் உலகப்போரின்போது கப்பல் எங்கே இருக்கிறது என்று எதிரி அறியக் கூடாது என்பதால் பெயரை நீக்கி, ‘யு.எஸ். நேவி’ என்று மட்டும் குத்தினார்கள். அதனால் இரண்டாவது ‘சேலம்’ கப்பலின் உறையை முத்திரையில் தேடிப் பயனில்லை. அனுப்புநர் முகவரியில்தான் தேட வேண்டும். உறையிலிருந்து தபால்தலையை ஊறவைத்துப் பிரிக்கக் கூடாது என்று மூத்த சேகரிப்பாளர்கள் வலியுறுத்துவது இதற்காகவும்தான். முழு உறைதான் சான்று.

அடுத்தது கட்டணம். அமெரிக்காவில் சாதாரணக் கடிதத்துக்கு 1932 ஜூலை முதல் 1958 ஜூலை 31 வரை 3 சென்ட், அதன்பின் 4 சென்ட். மூன்றாவது ‘சேலம்’ ஆறாவது கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பலாக மத்தியதரைக் கடலில் நின்றபோதும் உள்நாட்டுக் கட்டணமே செல்லும். 1955ஆம் ஆண்டு உறையில் 3 சென்ட் தபால்தலை சரி. சேவை முடிந்த நாளான 1959 ஜனவரி 30இன் உறையில் 3 சென்ட் மட்டும் இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

இனி மை. பழைய அஞ்சல் முத்திரையின் கறுப்பு, எண்ணெயில் குழைத்த நுண்கரி. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கண்மை செய்வதும் இதே தத்துவம்தான். கரிக்கு வெளிச்சத்தால் நிறம் போகாது. எண்ணெய் மட்டும் காகித நாருக்குள் பரவி, ஆண்டுகள் கழித்து எழுத்தைச் சுற்றிப் பழுப்பு ஓரம் கட்டும். ஆனால் உறையின் இடப்பக்கம் ரப்பர் ஸ்டாம்பில் குத்திய ஊதாப் படம் (சேகரிப்பாளர்கள் ‘கேஷே’ என்பார்கள்) வேறு வகை. பெரும்பாலும் அது அனிலின் சாயம்; புண்ணுக்குப் போடும் ஜென்ஷன் வயலெட்டின் உறவு. சாய மூலக்கூறின் பிணைப்புகளை வெயில் உடைத்துவிடும், நீர் பட்டால் கரைந்து ஓடும். அதனால் ஒரே உறையில் கறுப்பு அப்படியே நிற்க, ஊதா வெளிறிப்போவது இயல்பு. பழைய உறையில் இரண்டும் புத்தம் புதிதாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரிபார்க்க 10 மடங்கு லென்ஸ் போதும். கையால் குத்திய முத்திரை தபால்தலையின் விளிம்பைத் தாண்டும் இடத்தில், காகிதத் தடிமனின் படியால் மை சற்று விட்டுப்போயிருக்கும். இன்க்ஜெட்டில் அச்சிட்ட போலியில் கறுப்புக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரியலாம்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் இன்னும் சுவையான கருவி. சலவைத் தூளில் சேர்க்கும் வெளுப்பூட்டிச் சாயம் காகிதத்தில் பரவலானது ஏறக்குறைய 1950ஐ ஒட்டித்தான். 1915 என்று முத்திரையுள்ள முதல் ‘சேலம்’ உறை இருட்டறையில் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அந்தக் காகிதம் அந்தக் காலத்தது அல்ல. ஆனால் 1955 உறை ஒளிர்வது குற்றமில்லை. ஒளிராததாலேயே அது அசல் என்றும் ஆகாது, பழைய வெற்றுக் காகிதம் போலி செய்பவனுக்கும் கிடைக்கும்.

காப்பதில் நம் ஊரின் சிக்கல் தனி. சேலத்து வெயிலும் ஏற்காட்டு ஈரமும் எதிரெதிர் பகைவர்கள். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் முளைக்கும், தபால்தலைப் பசையும் இளகும். பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். அதன் மென்மையூட்டி கசிந்து மையை ஒட்டவைக்கும், பிவிசி சிதையும்போது அமிலமும் வெளிப்படும். பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறைகளும் அமிலமற்ற அட்டையும் போதும். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளைக் குழைத்துவிடும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தாலே ராமபாணப் பூச்சி தெரிந்துவிடும்.

ஏற்காட்டில் 18 பாகையில் குளிர்ந்த ஆல்பத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, 32 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சேலத்து வீட்டில் உடனே திறந்தால் என்ன ஆகும்? அந்தக் காற்றின் பனிப்புள்ளி 23 பாகை. அதைவிடக் குளிர்ந்த எதன் மேலும் நீர் படியும். குளிர்ந்த பாலியெஸ்டரின் மேல் துளிகள், ஓரம் வழியாக உள்ளே ஈரம், பிறகு அந்த ஊதா கேஷே கலங்கும். இதற்கு மருந்து எளிது: மலையிலேயே ஆல்பத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் ஓர் இரவு முழுக்க அறையில் வைத்து, மறுநாள் காலையில் திறவுங்கள்.