தாமத நியூட்ரான்களை நம்பி ஓடும் உலை

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் ரீட் கல்லூரி இருக்கிறது. அங்கே அணுப் பொறியியல் துறை கிடையாது. அணு உலை மட்டும் உண்டு. 1968 முதல் இயங்கும் அந்த உலையை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இளங்கலை மாணவர்கள். இலக்கியம் படிப்பவர்கள்கூட அரசுத் தேர்வெழுதி உரிமம் வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டு மேடையில் உட்காருகிறார்கள். கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும் செய்திதான். இருபது வயது மாணவரிடம் உலையின் சாவியைக் கொடுக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை இயற்பியலில் இருக்கிறது.

முதலில் அளவைப் பார்க்கலாம். ரீட் உலையின் உச்சத் திறன் 250 கிலோவாட். பெரிய மின் நிலைய உலை ஒன்று வெளியிடும் வெப்பம் 3,000 மெகாவாட் அளவில் இருக்கும். அதில் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் இது. நாள் முழுக்க முழுத் திறனில் ஓட்டினாலும் பிளவுறும், அதாவது அணுக்கரு உடைந்து ஆற்றலை வெளியிடும், யுரேனியம் ஏறத்தாழ கால் கிராம். ஏஜிஎன்-201 என்ற பயிற்சி உலை இதைவிடச் சிறியது. அதில் சில 5 வாட்டில் ஓடுகின்றன, சின்ன எல்இடி பல்பின் அளவு. இவை மின்சாரம் தயாரிப்பதில்லை. இவற்றின் விளைபொருள் நியூட்ரான்களும் பயிற்சி பெற்ற மனிதர்களும்தான்.

ரீட் உலை டிரைகா வகையைச் சேர்ந்தது. மேலே திறந்த ஆழமான தொட்டி, அதன் அடியில் எரிபொருள் தண்டுகளின் கொத்து, இடையே பல மீட்டர் தண்ணீர். கதிர்வீச்சைத் தடுக்கும் சுவரும், நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் பொருளும், சூட்டை வாங்கிக்கொள்ளும் ஊடகமும் அந்தத் தண்ணீரேதான். உலை ஓடும்போது மேலிருந்து எட்டிப் பார்த்தால் அடியில் நீல ஒளி தெரியும். தண்ணீரில் ஒளி நொடிக்கு சுமார் 2,25,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது; அதை முந்திச் செல்லும் எலக்ட்ரான்கள் எழுப்பும் வெளிச்சம் அது. செரன்கோவ் ஒளி என்று பெயர். புகைப்படங்களில் கண்டதைவிட நேரில் அழகு என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

உலையைக் கிளப்பும் நாள் சரிபார்ப்புப் பட்டியலோடு தொடங்குகிறது. எச்சரிக்கை மணி ஒலிக்கிறதா, கதிர்வீச்சு மானிகள் சரியாகக் காட்டுகின்றனவா, தண்ணீர் மட்டம் எவ்வளவு, அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் தண்டு விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்குள் நியூட்ரானை விழுங்கும் போரான் கார்பைடு இருக்கிறது. அவற்றை மின்காந்தங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் நின்றால் பிடி விடும், தண்டு தன் எடையாலேயே கீழே விழும். ஸ்கிராம் எனப்படும் அவசர நிறுத்தம் இதுதான். ஈர்ப்பு விசைக்கு மின்வெட்டு கிடையாது.

பிறகு தண்டுகளை மெல்ல மெல்ல உயர்த்துகிறார்கள். ஒவ்வொரு பிளவிலும் சராசரியாக இரண்டரைக்குச் சற்றுக் குறைவான நியூட்ரான்கள் பிறக்கின்றன. பல வழிதவறிப் போகும், பல விழுங்கப்படும். அவற்றில் சரியாக ஒன்று அடுத்த பிளவை உண்டாக்கினால் உலை மாறுநிலையில் இருக்கிறது என்று பொருள். செய்தித்தாள்களில் இந்தச் சொல்லைப் பார்த்தால் ஏதோ விபத்து போலத் தோன்றும். உண்மையில் ஓடும் உலைகள் எல்லாம் மாறுநிலையில்தான் இருக்கின்றன. வரவும் செலவும் சமமான நிலை அது, அவ்வளவுதான்.

அந்தச் சமநிலையைக் கொஞ்சம் தாண்டினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்ததை உண்டாக்க நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட ஆயிரத்தில் ஒரு பங்குதான் பெரிது. ஒரே நொடியில் பத்தாயிரம் தலைமுறைகள். திறன் ஏறத்தாழ 22 ஆயிரம் மடங்காகிவிடும். எந்தக் கையும் எந்த மோட்டாரும் அதைப் பிடிக்க முடியாது.

அப்படி நடக்காததற்குக் காரணம் ஒரு சிறுபான்மை. யுரேனியம்-235 பிளவில் வரும் நியூட்ரான்களில் சுமார் 0.65 சதவீதம் உடனே வருவதில்லை. பிளவில் உடைந்த துண்டுகள் சில, நொடிகள் கழித்து, சில சமயம் நிமிடம் கழித்து, சாவகாசமாக ஒரு நியூட்ரானை விடுகின்றன. புரோமின்-87 அவற்றில் மிக மெதுவானது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், சுமார் 55 நொடி. உடனடி நியூட்ரான்கள் மட்டும் தொடர்வினையைத் தாங்கிவிடாதபடி, இந்தத் தாமதக்காரர்கள் வந்து சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகும்படி உலையை ஓட்டுகிறார்கள். மேலே சொன்ன அதே ஆயிரத்தில் ஒரு பங்கு மிகையில், திறன் இரட்டிப்பாக இப்போது அரை நிமிடத்துக்கும் மேல் ஆகும். மாணவர் மானியைப் பார்த்து, யோசித்து, தண்டைச் சற்று இறக்க அது போதும். என்னைக் கேட்டால், அணுசக்தி என்ற தொழிலே இந்த 0.65 சதவீதத்தின் தயவில் நடக்கிறது.

சரி, அந்த மாணவர் தவறு செய்தால்? 1956-இல் சான் டியேகோவில் கூடிய விஞ்ஞானிகளின் முன் இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் இதைத்தான் வைத்தார்: கட்டுப்பாட்டுத் தண்டை யாராவது திடீரென்று பிடுங்கினாலும் உருகாத உலை வேண்டும். ஃப்ரீமன் டைசனும் டெட் டெய்லரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். யுரேனியத்தைச் சிர்கோனியம் ஹைட்ரைடோடு கலந்து எரிபொருளாக்குவது என்று முடிவாயிற்று. நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் ஹைட்ரஜன் இப்போது எரிபொருளுக்குள்ளேயே இருக்கிறது. எரிபொருள் சூடானால் அந்த ஹைட்ரஜனும் அதே கணத்தில் சூடாகித் துடிக்கும். வேகத்தைக் குறைப்பதற்குப் பதில் நியூட்ரான்களை உதைத்து விரட்டும். வேகமான நியூட்ரான் பிளவை உண்டாக்கும் வாய்ப்புக் குறைவு. திறன் தானாகவே சரியும். 1958-இல் முதல் டிரைகா ஓடியது. வியன்னாவில் 1962 முதல் ஓடும் டிரைகாவின் வழக்கமான உச்சம் 250 கிலோவாட். அங்கே ஒரு தண்டைக் காற்றழுத்தத்தால் வேண்டுமென்றே வெளியே எறிந்து காட்டுவார்கள். திறன் கண நேரத்துக்கு 250 மெகாவாட்டைத் தொட்டுவிட்டு, யாரும் கை வைக்காமலே விழுந்துவிடும்.

இத்தனை சாதுவான உலைக்குப் பராமரிப்பு எதற்கு என்று தோன்றலாம். வேலையில் பெரும்பகுதி தண்ணீரோடுதான். அதன் மின்கடத்துதிறன் ஒரு சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸ் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் இது நூற்றுக்கணக்கில் இருக்கும். உப்பு கலந்தால் அலுமினியப் பாகங்கள் அரிக்கும், கரைந்த சோடியம் நியூட்ரான் பட்டுக் கதிரியக்கம் பெறும். அதனால் கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியாகத் தண்ணீர் ஓயாமல் சுழல்கிறது. திறந்த தொட்டியாதலால் ஆவியாகவும் செய்யும். குறைந்த அளவை அளந்து ஊற்றிப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். அலுப்பான பதிவு. ஆனால் வாரந்தோறும் ஒரே மாதிரி இருந்த எண் ஒருநாள் கூடினால், முதலில் எழும் கேள்வி தொட்டி கசிகிறதா என்பதுதான்.

திறன் மானியை எப்படி நம்புவது? அது தான் இருக்கும் இடத்துக்கு வரும் நியூட்ரான்களைத்தான் எண்ணுகிறது. அதைச் சரிபார்க்கும் முறை சமையலறைத்தனமானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. குளிர்விக்கும் பம்பை நிறுத்திவிட்டு உலையை ஓட்டி, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று வெப்பமானியால் அளக்கிறார்கள். ஒரு லட்சம் லிட்டர் தொட்டியில் 250 கிலோவாட் ஒரு மணி நேரத்தில் சுமார் 2.1 டிகிரி ஏற்ற வேண்டும். கூடக் குறைய வந்தால் மானியைத் திருத்துகிறார்கள்.

கட்டுப்பாட்டுத் தண்டுகள் விழும் நேரத்தையும் அளப்பார்கள். ஒரு நொடிக்குள் அடியைத் தொட வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. எரிபொருள் தண்டுகளை நீண்ட கைப்பிடிக் கருவியால் தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாகத் தூக்கி, நீண்டிருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த வேலையின்போது சட்டைப் பையில் பேனா கூடாது, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். தொட்டிக்குள் விழுந்த ஒரு திருகாணியை மீட்க ஒரு நாள் முழுக்கப் போய்விடலாம்.

ஓட்டுநரையும் பராமரிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி இத்தகைய உலையின் உரிமம் வைத்திருப்பவர் ஒவ்வொரு காலாண்டிலும் குறைந்தது 4 மணி நேரம் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். உரிமம் 6 ஆண்டுக்குச் செல்லும்.

மாலையில் தண்டுகளை இறக்குகிறார்கள். மானி சட்டென்று சரிகிறது, ஆனால் பூஜ்யத்துக்குப் போவதில்லை. தாமத நியூட்ரான்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. கடைசியில் புரோமின்-87 மட்டும் மிஞ்ச, 80 நொடிக்கு ஒருமுறை எண்ணிக்கை, முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலான அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதை யாராலும் விரைவுபடுத்த முடியாது. மாணவர் சாவியைத் திருகி எடுத்து, பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்திடுகிறார். மானியின் முள் அப்போதும் இறங்கிக்கொண்டிருக்கிறது.